படகுக் கூலியும் பலிபீடமும்

ஞாயிறு காலை ஆலயத்தில் நடப்பது மட்டும் வழிபாடு அல்ல, மற்ற ஆறு நாளும் கை செய்யும் வேலையும் கடவுளுக்குச் செலுத்தும் ஆராதனையே என்பது கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய போதனைகளுள் ஒன்று. சொல்வதற்கு எளிதான இந்தக் கருத்தை இரண்டு விதமாகப் பொருள்கொண்டு வந்திருக்கிறார்கள். எந்த வேலையானாலும் கடவுளை மனத்தில் வைத்துச் செய்தால் அது வழிபாடாகிவிடும் என்பது ஒன்று. வேலையும் அதற்குரிய கூலியும் ஓய்வும் நியாயமாக இருந்தால்தான் அதைக் காணிக்கை என்று சொல்ல முடியும் என்பது மற்றொன்று. முதலாவது பிரசங்கங்களில் அதிகம் கேட்பது. இரண்டாவது வேதத்திலேயே அதிகம் இருப்பது. மாதவரத்து லாரி நிறுத்தங்களில் தொடங்கி மணலி, எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் என்று துறைமுகம் வரை வேலையாலேயே வாழும் வடசென்னையில் இந்த இரண்டையும் உரசிப் பார்க்கலாம்.

வேதாகமம் தொடங்கும்போதே கடவுள் வேலை செய்கிறவராக வருகிறார். ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்கிறார். மனிதனைத் தோட்டத்தில் வைப்பதும் அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். வேலை சாபத்தால் வந்தது என்ற எண்ணம் சபைகளில் பரவலாக உண்டு. ஆதியாகமத்தின் வரிசை அப்படி இல்லை. வேலை இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது, சாபம் மூன்றாம் அதிகாரத்தில். அந்தச் சாபமும் நிலத்தின் மேல்தான் விழுகிறது. முள்ளும் வேர்வையும் அதன் பிறகே உழைப்போடு சேர்கின்றன. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்றொருவர் வருகிறார். இவரை என் ஆவியால் நிரப்பினேன் என்று கடவுளே சொல்லும் முதல் மனிதர் அவர். அவர் தீர்க்கதரிசியல்ல, ஆசாரியரல்ல, அரசருமல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை தெரிந்த கைவினைஞர். இயேசு ஊராருக்குத் தச்சராகவே அறிமுகமானவர். பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார்.

கத்தோலிக்க வேதாகமத்தில் இடம்பெற்று, சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இடம்பெறாத சீராக் நூல் இன்னும் நேராகப் பேசுகிறது. அதன் 38ஆம் அதிகாரம் உழவரையும் முத்திரை வெட்டுவோரையும் கொல்லரையும் குயவரையும் ஒருவர்பின் ஒருவராகக் காட்டுகிறது. உலைச்சூடு கொல்லரின் உடலை வாட்டுகிறது, சம்மட்டி ஓசை காதை அடைக்கிறது, கண் செய்யும் பொருளின் மாதிரியை விட்டு அகலுவதில்லை. தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றின் வாசலில் நின்று எழுதியதுபோல இருக்கும். இவர்களை ஆலோசனை மன்றத்துக்கு யாரும் அழைப்பதில்லை, ஆனால் இவர்கள் இல்லாமல் நகரத்தில் யாரும் குடியிருக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டு, இவர்கள் கையிலுள்ள தொழிலே இவர்களது மன்றாட்டு என்ற பொருளில் அந்த அதிகாரம் முடிகிறது. வேலையும் வேண்டுதலும் ஒன்றாக வைத்துச் சொல்லப்பட்ட இடங்களில் இதைவிடத் தெளிவானது வேதத்தில் வேறில்லை எனலாம்.

இதற்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது சகரியா நூலின் கடைசி அதிகாரம். கடவுளின் நாளில் ஆலயப் பாத்திரங்கள் மட்டுமல்ல, குதிரைகளின் மணிகளும் வீட்டு அடுப்பிலுள்ள பானைகளும் கூடக் கர்த்தருக்குப் பரிசுத்தமானவையாகும் என்கிறது அது. மாதவரத்திலிருந்து துறைமுகம் போகும் டிரெய்லர் லாரிகளில் சிலவற்றின் முகப்பில் எபெனேசர், யெகோவாயீரே என்ற வேதாகமப் பெயர்களைப் பெரிய எழுத்தில் காணலாம். கண்ணாடிக்கு மேலே ஒரு சிலுவை, பக்கத்தில் வசனம். புது லாரியோ ஆட்டோவோ வாங்கினால் ஆயரை அழைத்து ஜெபித்த பிறகே முதல் சவாரி போவதும் வழக்கம். சகரியா சொன்ன குதிரை மணிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அந்த லாரியின் ஓட்டுநர் கன்டெய்னரை இறக்க வரிசையில் இரவு முழுக்கத் தூங்காமல் நிற்கிறார் என்றால், பரிசுத்தம் முகப்பு எழுத்தோடு நின்றுவிட்டதா என்ற கேள்வியை அதே தீர்க்கதரிசிகளின் நூல்களே எழுப்புகின்றன.

ஏசாயா 58ஆம் அதிகாரம், உபவாசம் இருந்துகொண்டே வேலையாட்களை வருத்துகிறவர்களின் உபவாசத்தைத் தள்ளிவிடுகிறது. ஆமோஸ் பாட்டையும் பலியையும் வேண்டாம் என்று சொல்லி நீதியைக் கேட்கிறார். கூலிக்காரரின் கூலியைச் சூரியன் மறையும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமச் சட்டம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திய கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் எச்சரிக்கிறது. சீராக் 34ஆம் அதிகாரம், ஏழையின் பொருளை எடுத்துச் செலுத்தும் பலியைத் தகப்பன் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு ஒப்பிடுகிறது. கூலியைப் பறிப்பதை இரத்தம் சிந்துவது என்கிறது. 1514இல் கியூபாவில் அடிமை உழைப்பால் வாழ்ந்துகொண்டிருந்த பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்ற குரு, பிரசங்கத்துக்காக இந்தப் பகுதியைப் படித்தபோது மனம் மாறித் தம்மிடமிருந்த பூர்வகுடி வேலையாட்களை விடுவித்தார். வாழ்நாள் முழுவதும் அவர்களுக்காக வாதாடினார்.

எந்த வேலையையும் மனிதருக்காக அன்றிக் கர்த்தருக்காகச் செய்வதாக எண்ணிச் செய்ய வேண்டும் என்ற கொலோசெயர் நிருபத்தின் அறிவுரை (3:23), கிறிஸ்தவ முதலாளிகளின் அலுவலகச் சுவரிலும் நாட்காட்டியிலும் அடிக்கடி தென்படுவது. அது எழுதப்பட்டது அடிமைகளுக்கு. நான்கைந்து வரி தள்ளி அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம், எசமான்கள் நீதியும் செவ்வையுமாக நடக்க வேண்டும், அவர்களுக்கும் பரலோகத்தில் ஓர் எசமான் இருக்கிறார் என்று மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த வசனத்தைச் சுவரில் காண்பது அபூர்வம்.

வேலையே வழிபாடு என்ற கருத்தின் வரலாற்றில் முதல் பெரிய நிலையம் துறவு மடம். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு, மடத்தின் கருவிகளைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போல் கையாள வேண்டும் என்கிறது. மடத்துக் கைவினைஞர் செய்த பொருளை வெளிச்சந்தையைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கு விற்கவும் சொல்கிறது. வேலையின் புனிதத்தை விலையிலும் காட்டச் சொன்ன விதி அது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் (1614–1691), சட்டி பானைகளுக்கு நடுவிலும் நற்கருணைக்கு முன்னால் இருக்கும் அதே அமைதியோடு கடவுளோடு இருக்க முடியும் என்று வாழ்ந்து காட்டினார். முதல் வகைப் பொருளுக்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அவர் செருப்புத் தைக்கும் வேலையும் பார்த்தார் என்பதைத் தமிழ்நாட்டுச் சாதிக் கண்ணோடு படிக்கிறவர்கள் கவனிப்பார்கள்.

துறவியின் வாழ்வே உயர்ந்தது, மற்றவர்களுடையது தாழ்ந்தது என்ற ஏணியை உடைத்தவர் மார்ட்டின் லூதர். 1520இல் எழுதிய நூலில், செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே குருக்களாக இருக்கிறார்கள் என்றார். ஆனால் அவர் காட்டிய வழியில் ஒரு முடிச்சு உண்டு. அவரவர் இருக்கும் நிலையே கடவுளின் அழைப்பு என்றால், அந்த நிலையை மாற்றக் கேட்பது அழைப்பை மீறுவதாகிவிடும். 1525இல் ஜெர்மானிய உழவர்கள் கிளர்ந்தபோது லூதர் பிரபுக்களின் பக்கம் நின்றார். பின்னாளில் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904–05இல் எழுதிய கட்டுரைகளில், தொழிலைக் கடவுளின் அழைப்பாகக் கண்ட இந்தச் சீர்திருத்த மனப்பான்மை முதலாளித்துவத்தின் எழுச்சிக்கு உரமானதை விவரித்தார்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கேள்விக்கு வந்தது ஆலைகளின் காலத்தில். திருத்தந்தை 13ஆம் லியோவின் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடல், தொழிலாளி ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது என்றது. சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கக்கூடியதாகக் கூலி இருக்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் நடுவில் சுவர் எழுப்புவதை இக்காலத்தின் பெரும் பிழைகளில் ஒன்றாகக் கண்டித்தது. திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 1981இல் வெளியிட்ட சுற்றுமடல் உழைப்புக்கே ஒதுக்கப்பட்டது. வேலைக்காக மனிதர் அல்ல, மனிதருக்காகவே வேலை. மூலதனத்தைவிட உழைப்பே முந்தியது என்பது அதன் சாரம். திருப்பலியில் அப்பமும் இரசமும் நிலத்தின் விளைவாகவும் மனித உழைப்பின் பயனாகவும் ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. இவ்வளவு சுருக்கமாக வேலையைப் பீடத்தின் மேல் வைத்த இறையியல் உரை வேறில்லை.

தமிழில் இந்தக் கருத்து பாட்டின் வழியே முதலில் வேர்விட்டது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தம் படைப்புகளுக்குத் தேர்ந்த வடிவங்களில் உழைப்பாளிகளின் பாட்டும் கூத்தும் உண்டு. கவலையும் ஏற்றமும் இறைக்கிறவர்கள் எண்ணிக்கை சொல்லிப் பாடும் மெட்டில் ஞான ஏற்றப்பாட்டு, தச்சரை முன்னிறுத்தி ஞானத் தச்ச நாடகம் என்று எழுதினார். அதே காலத்தில் மிஷனரிகள் வேறொரு வழியில் போனார்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி மால்ட் 1820களின் வாக்கில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை வீடுகளில் பிறந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதை மிஷன் குறிப்புகள் பதிவு செய்கின்றன. நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் காலத்தில் 1878இல் தொழிற்பள்ளி எழுந்தது. தொழில் கற்றவருக்குக் கௌரவம் வந்தது உண்மை. ஒழுங்கு, நேரம், கீழ்ப்படிதல் என்ற பாடங்களும் தொழிலோடு சேர்ந்தே போதிக்கப்பட்டன என்பதும் உண்மை.

உழைப்பு காணிக்கையானதற்கு வடசென்னையில் பழைய சான்று ஒன்று கல்லாக நிற்கிறது. ராயபுரம் என்ற பெயரே இராயப்பர் என்ற புனித பேதுருவின் பெயரால் வந்தது. அங்கிருக்கும் புனித இராயப்பர் ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுப்பியவர்கள் கத்தோலிக்கப் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத அந்நாளில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மனிதரையும் மூட்டையையும் அலைக்குள் புகுந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையில் மூன்று வரிசை அலைகளைக் கடப்பதற்குள் உயிர் போய்த் திரும்பும் வேலை. அதற்கான கூலியையோ அரசாங்கம் நிர்ணயித்தது. அந்தக் கூலியிலிருந்து மகமையாக ஒதுக்கிச் சேர்த்த பணம்தான் ஆலயமாயிற்று. மீனவரும் படகுக்காரருமான பேதுருவைப் பாதுகாவலராக அவர்கள் கொண்டதில், தங்கள் தொழிலைத் தங்கள் விசுவாசத்துக்குள் வைத்துப் பார்த்த மனம் தெரிகிறது. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியதும் படகுத் தொழில் தேய்ந்தது. ஆலயம் நிலைத்தது.

சாதி என்ற கேள்வியைத் தாண்டி இந்தியாவில் இந்தக் கருத்தைப் பேச முடியாது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கியிருக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். பிறப்பால் ஒருவர் தலையில் கட்டிய வேலையைக் கடவுளுக்கென்று மனமுவந்து செய் என்று சொன்னால், அது வருணத்துக்குச் சிலுவை போட்டுவிட்டதாகவே ஆகும். மலம் அள்ளுவதும் சாக்கடைக்குள் இறங்குவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னும் தொடர்கின்றன. அந்த வேலையை எந்த இறையியலும் வழிபாடாக்கிவிட முடியாது, ஒழிக்கத்தான் வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் 1980களில் தலித் இறையியலுக்கு வடிவம் கொடுத்த அர்விந்த் நிர்மல், கடவுளைச் சேவகம் செய்கிறவராக, அடிமட்ட வேலையைச் செய்கிறவராகக் கண்டார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கை அதே பறையை விருப்பத்தோடு ஆலயத்தில் அடிப்பதில் அடிமை வேலை வழிபாடாக மாறும் கணம் தெரிகிறது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதையே அவர் திருவிருந்தின் பொருளாக வைத்தார்.

பெரம்பூர் பி அண்ட் சி மில், ரயில்வே பட்டறைகள், எண்ணூர், திருவொற்றியூர் மோட்டார் தொழிற்சாலைகள் என்று வந்த தொழில் யுகம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை ஆண்டுதோறும் நடக்கிறது. வாழைத்தார், பூசணி, கோழி, வீட்டில் சுட்ட கேக், தைத்த துணி எல்லாம் பீடத்தைச் சுற்றி நிறைந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். உழவருக்கு இது தன் வேலையையே கொண்டுவந்து வைக்கும் நாள். கியர் சக்கரத்தின் ஒரு பல்லை மட்டும் நாள் முழுக்கக் கடைந்த தொழிலாளிக்குக் கொண்டுவர என்ன இருக்கிறது? கடையில் வாங்கிய வாழைத்தாரைத்தான் வைக்கிறார். செய்த பொருள் அவருடையதில்லை என்பதால் காணிக்கையும் பணமாகச் சுருங்கிவிட்டது. இந்த இடைவெளியைச் சபைகள் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே தொழிற்சாலையில் ஆயுத பூஜை நாளன்று லேத் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்துப் பூசணி உடைப்பார்கள். கிறிஸ்தவத் தொழிலாளி கூட நின்று மிஷினைத் துடைத்துக் கழுவுவார், பொரியை வாங்கிக்கொள்வார், ஆரத்தியின்போது ஓரமாக நகர்ந்துகொள்வார். சில போதகர்கள் பொரி வாங்குவதையும் தடுப்பார்கள். கருவியையும் தொழிலையும் தெய்வமாகக் கொள்ளும் மரபும், தொழிலைத் தெய்வத்துக்குப் படைக்கும் மரபும் சந்திக்கும் இடம் அது. வேறுபாடு சிறியதல்ல: தொழிலே தெய்வமானால் அதற்கு ஓய்வுநாள் கிடையாது, அதைக் கேள்வி கேட்கவும் ஆளில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் மிஷினை நிறுத்தி அதை மரியாதையோடு பார்க்கும் வழக்கம், தன் வேலையைத் திரும்பிப் பார்க்கச் சடங்கே இல்லாத நகரச் சபைகளைவிட ஒருவகையில் முன்னே நிற்கிறது.

தொழிலாளர் இயக்கத்தோடு திருச்சபைகளின் உறவு தயக்கத்தோடுதான் வளர்ந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு உருவானபோது முன்னின்றவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். செங்கொடிக்குப் போட்டியாகவே என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெல்ஜியக் குரு ஜோசப் கார்டைன் 1925இல் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் வழியில் போட்டி குறைவு. பட்டறையில் நடப்பதைப் பார், சுவிசேஷத்தின் ஒளியில் சீர்தூக்கு, பிறகு செயல்படு என்ற அதன் மூன்று படிகள் தொழிலாளியின் நாளையே தியானப் பொருளாக்கின.

ஓய்வு என்ற கேள்வி காசிமேட்டில் கூர்மையடைகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே விசைப்படகுகளிலிருந்து கூடைகள் இறங்கி ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் வாங்க நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் கூட்டம் வருகிறது; அரிவாள்மனையோடு உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களுக்கு வாரத்தின் பெரிய வருமானம் அன்றுதான். கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத கட்டுப்பாடு நிலவுகிறது. அங்கே ஊரே ஒரு பங்கு, அதனால் ஓய்வும் பொதுவானது. பல சமயத்தாரும் கலந்து வாழும் காசிமேட்டில் ஓய்பவர் வாடிக்கையை இழக்கிறார். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு மாலை ஆராதனையும் கால ஒழுங்கைத் தீர்க்கின்றன, களைப்பைத் தீர்ப்பதில்லை. உபாகமம் ஓய்வுநாளைக் கட்டளையிடும்போது வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறட்டும் என்று காரணம் சொல்கிறது. ஷிப்ட் முறையிலும் ஒப்பந்த வேலையிலும் இருப்பவருக்கு விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்கு ஓய்வு கிடைக்கிறது. கூலிக்கு விசைப்படகில் போகிறவருக்கு அது கடன் வாங்கும் காலம்.

வேலையின் விளைவும் இதில் சேரும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தபோது, மீனவரும் தொண்டர்களும் வாளியால் அள்ளிக் கரையேற்றினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் இறால் பிடிக்கும் அதே கைகள்தான் எண்ணெயை மொண்டன. ஆலையில் வேலை செய்கிறவரும் அந்த ஆலையால் வலை பாழானவரும் ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் முழங்காலிடுவது இந்தக் கரையில் நடக்கக்கூடியதே. பண்படுத்தவும் காக்கவும் என்ற ஆதியாகமக் கட்டளையில் காப்பது விட்டுப்போன வேலையை எந்த அளவுக்குக் காணிக்கை எனலாம் என்பது திருத்தந்தை பிரான்சிஸின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலுக்குப் பிறகு சபைகள் தவிர்க்க முடியாத கேள்வி. பிழைப்புக்காக அங்கே நிற்கும் தொழிலாளியிடம் மட்டும் அதைக் கேட்பது நேர்மையாகாது.

சபைகளுக்குள்ளேயே பழைய ஏணி மறுபடியும் முளைத்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தவரின் சாட்சி மேடையேறுகிறது. முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஒருவரையும் காயப்படுத்தாமல் ஓய்வுபெற்றவரின் சாட்சியை யாரும் கேட்பதில்லை. தசமபாகம் கொடுப்பதால்தான் அவரது வேலைக்கு ஆவிக்குரிய மதிப்பு என்ற எண்ணமும் உண்டு. விடிகாலை தண்ணீர் பிடித்து, சமைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் உழைப்பு, கூலி உள்ளதும் இல்லாததுமாக, இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. சகரியா சொன்ன பானை அவர் அடுப்பில்தான் இருக்கிறது.

வேலையே வழிபாடு என்றால் வேலை இல்லாதவரின் நிலை என்ன என்பது இந்தக் கருத்தின் மிகக் கடினமான பகுதி. 1996இல் பி அண்ட் சி மில் மூடப்பட்டபோது பலர் வேலையை மட்டும் இழக்கவில்லை, காணிக்கையாகப் படைக்க இருந்ததையும் இழந்தார்கள். நோயாளிகளும் முதியவர்களும் இந்தப் போதனையின் நிழலில் குற்ற உணர்வோடு வாழ்வதுண்டு. கிறிஸ்தவ இறையியல் இதற்குத் தரும் பதில் மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமை. கடைசி மணிநேரம் வரை சந்தையில் நின்றவர்கள், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களுக்கும் முழு நாளின் கூலி கிடைக்கிறது. பெரும்பாலான விரிவுரைகள் இதைக் கிருபையின் உவமையாக மட்டுமே படிக்கின்றன. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளில் இதைக் கூலியின் உவமையாகவும் படித்தார், அந்த உவமையிலிருந்தே நூலுக்குப் பெயரும் வைத்தார். 1904இல் டர்பனுக்குப் போகும் ரயிலில் அதைப் படித்த காந்தி, 1908இல் சர்வோதயம் என்று குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதினார். அதற்கு முன்பே ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கி, அச்சு வேலை செய்கிறவர் யாராயினும், எந்த நிறத்தவராயினும், மாதம் மூன்று பவுன் என்ற ஒரே கூலியை அங்கே வகுத்திருந்தார்.